உஷார்! சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிறீர்களா?

ஆலத்தியூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் கொஞ்சம் நின்று கேளுங்கள். சிமெண்ட் ஆலை அலுவலகம், லாரி ஆபீஸ், எடைமேடைக் கூண்டு, வங்கிக் கிளை, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை, எங்கே உட்கார்ந்திருந்தாலும் இது உங்களுக்குத்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் முன் எச்சரிக்கை ஒலி கொடுத்து ஆட்களை விலக்குகிறார்கள். ஹெல்மெட் இல்லாதவரை ஆலை வாசலுக்குள் விடுவதில்லை. ஆனால் மத்தியானம் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து டப்பா திறக்கிற அந்த மேஜைக்கு ஒரு எச்சரிக்கைப் பலகையும் கிடையாது. அங்கே நடக்கிற கூத்து கேட்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். மாட்டிக்கொண்டவருக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும்.

முதல் ஆபத்து நேரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் சிமெண்ட் ஆலை வந்தது 1990களின் பிற்பாதியில். ஆலையும் அதைச் சுற்றிய அலுவலகங்களும் இங்கே இருந்தாலும், வேலைக்கு வருகிறவர்கள் அரியலூர், பெரம்பலூர், பெண்ணாடம், திட்டக்குடி, செந்துறை என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் வீட்டில் அடுப்பு ஐந்து மணிக்கே எரிகிறது, ஆறு மணிக்கு டப்பா மூடப்படுகிறது. திறப்பது ஒரு மணிக்கு. ஏழு மணி நேரம்! சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த ஏழு மணி நேரமும் உங்கள் சோறு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

அரிசியோடு கூடவே வயலிலிருந்து வருகிற ஒரு கிருமி உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். மண்ணில் இருப்பது, நெல்லோடு வீட்டுக்கு வந்துவிடும். சோறு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், ஆனால் அதன் வித்து சாகாது. கொதிநிலையைத் தாங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 30-லிருந்து 40 வரை விருந்தே. அரியலூர் வெயிலில் மேஜைக்கடியில் கிடக்கிற டப்பாவின் சூடு அதுதான்.

பெருகும்போது இந்தக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டி வாந்தி வரவைப்பது அதுதான். இதில் பலருக்கும் தெரியாத கொடுமை ஒன்று இருக்கிறது. அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. "ஒண்ணும் ஆகாது, ஓவன்ல ரெண்டு நிமிஷம் வெச்சா சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார், எல்லா ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் பேச்சைக் கேட்காதீர்கள்! சூடு பண்ணினால் கிருமி சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். பல நேரம் நாற்றமும் இருக்காது, ருசியும் மாறாது. மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுக்கிற மூக்கை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

2008-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், சமையலறையில் வெளியிலேயே ஐந்து நாள் கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை பிணமாகக் கிடந்தார். காரணம் இதே கிருமி. நாம் ஐந்து நாள் வைப்பதில்லை, ஏழு மணி நேரம்தான். நமக்குப் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு போய்விடும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்கிற நிலைமை யாருக்கு வேண்டும்?

ஹாட்பாக்ஸ் இருக்கிறதே என்று சமாதானம் சொல்கிறீர்களா? அங்கேதான் பெரிய ஏமாற்றம். ஹாட்பாக்ஸ் சூடு உண்டாக்குவதில்லை. உள்ளே போன சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வாங்கின புதிதில் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். பழசாகி மூடியின் ரப்பர் தளர்ந்துபோனால் அதற்கும் முன்பே வெதுவெதுப்புக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு அந்த வெதுவெதுப்பைத்தான் கட்டிக் காக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. டப்பாவைத் திறந்து சோற்றில் விரல் வைத்தால் சுட வேண்டும். இளஞ்சூடாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். ஆவி பறக்கிற சோறு நல்லது, ஜில்லென்ற சோறு நல்லது. இளஞ்சூட்டுச் சோற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிட மோசம் பைக்கில் வருகிறவர்கள் செய்வது. சாப்பாட்டுப் பையைப் பெட்ரோல் டேங்க் கவரிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். கூரையில்லாத நிறுத்துமிடத்தில் அந்தப் பெட்டி வெயிலில் காய்கிறது. மத்தியானம் எடுத்து வந்து, "பாருங்க, இப்பத்தான் வடிச்ச மாதிரி சுடச்சுட இருக்கு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். அது வெயில் ஏற்றிய சூடு, தயவுசெய்து அந்தச் சாப்பாட்டைத் தொடாதீர்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று அமெரிக்க வேளாண் துறை தன் மக்களுக்குச் சொல்கிறது. நம் ஊரில் அந்த ஒரு மணி நேரம் பஸ் வந்து சேர்வதற்குள்ளேயே முடிந்துவிடும்.

நம் பாட்டிமார்கள் இதை அறிவியல் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு என்றால் புளிசோறுதான் கட்டினார்கள். புளியின் புளிப்பு கிருமியை முளைக்கவிடாது, நல்லெண்ணெயும் உப்பும் கூடத் துணை. ஆனால் அது சோறு பழுப்பாகிற அளவுக்குப் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறிய புளிசோறு. இன்று பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று நிறத்துக்கு மட்டும் புளி காட்டிவிட்டு அதே பெயரில் கட்டினால் அதே காவல் கிடைக்காது. தயிர்சாதமும் அப்படித்தான். பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் உறைந்து புளிப்பேறும், நன்றாகத் தாங்கும். தேங்காய்ச் சாதம், தேங்காய்த் துவையல், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, இவற்றைக் கோடையில் கட்டிக்கொண்டு வராதீர்கள். தேங்காய் போட்டது சீக்கிரம் ஊசிப்போகும் என்று வீட்டில் சொல்வது வெறும் பேச்சில்லை. ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் ஃப்ரைட் ரைஸாக்கிக் கட்டுகிற புது வழக்கமோ எல்லாவற்றையும் விட ஆபத்து. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்தக் கிருமியால் வரும் வாந்தி நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டதே சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் மூலமாகத்தான்.

என்ன செய்யலாம்? சோற்றைக் கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடாமல், தட்டில் பரப்பி மின்விசிறிக்கடியில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டுப் பிறகு டப்பாவில் போடுங்கள். முதல் நாள் ராத்திரியே ஒரு சிறிய பாட்டிலில் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, பையில் டப்பாவோடு ஒட்டி வையுங்கள். செலவில்லாத ஏற்பாடு, குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும். ஹாட்பாக்ஸ்தான் வேண்டுமென்றால் முதலில் கொதிநீர் ஊற்றிப் பெட்டியைச் சூடேற்றுங்கள். பிறகு ஆவி பறக்கிற சோற்றை வாய்வரை நிரப்பி மூடி, சூடு குறைவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஆபீஸில் ஃப்ரிட்ஜ் இருந்தால் வந்தவுடன் முதல் வேலையாக டப்பாவை அதில் வையுங்கள். மின்சாரம் நின்று நின்று வருகிற நாளில் அந்தக் கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் புண்ணியம்.

இனி மேஜைக்கு வருவோம். பகிர்ந்து சாப்பிடுவது நம் ஆபீஸ்களின் அழகு. ஒருவர் வீட்டு மொச்சைக் குழம்பு, இன்னொருவர் வீட்டு வாழைப்பூ பொரியல், செந்துறைக்காரர் கொண்டுவருகிற முந்திரி வறுவல், எல்லாம் கலந்த சாப்பாட்டுக்கு எந்த ஓட்டலும் ஈடாகாது. இதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பகிரும் முறையைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கையாலேயே அடுத்தவர் டப்பாவில் விட்டு எடுக்கிறார்கள். "எச்சில் பாக்காத சிநேகம்" என்று அதற்குப் பாராட்டு வேறு. அந்தக் கையில் ஆறாத ஒரு கீறல் இருந்தால் போதும், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி எட்டு டப்பாவிலும் ஏறிவிடும். யாராவது மிச்சம் வைத்து நாலு மணிக்குச் சாப்பிட்டால் அவருக்கு ஆபத்து, ஏனென்றால் அதன் நஞ்சும் சூட்டில் போகாது. பாதி சாப்பாட்டில் கை நீட்டுவதை விட்டுவிட்டு, வாயில் முதல் கவளம் போகும் முன்பே அவரவர் டப்பா மூடியில் எல்லாருக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மூடி இருப்பதே அதற்குத்தான்.

கை கழுவுவதைப் பற்றி இந்த ஊருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் தூசி தண்ணீர் பட்டால் காரமாகிறது, தோலை அரிக்கும். அதில் இருக்கிற குரோமியம் சிலருக்குப் படை மாதிரி ஒவ்வாமையை வரவழைக்கும். ஆலைக்குள் சுற்றிவிட்டு வந்து பேருக்கு விரல் நுனியை நனைத்துக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, லாரிப் பாதையைப் பார்த்தபடி சாப்பிடுவதும் வேண்டாம். திறந்த டப்பாவில் தூசி நேரே வந்து விழும்.

சாப்பாட்டுக்குத் தனி அறை இருக்கும்போதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். இப்போது புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் உணவறை வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், உணவறை இருக்கிற இடத்தில் தொழிலாளி யாரும் வேலை செய்யும் அறையில் உணவு உண்ணக் கூடாது என்றும் சொன்னது. எழுதினவர்கள் அனுபவம் உள்ளவர்கள். கீபோர்டில் விழுகிற பருக்கைக்கு எறும்பு வரும், எறும்போடு நிற்காது, எலி வரும். எலி வந்த ஆபீஸில் முதலில் போவது ஒயர், அடுத்தது லாரி சலான் கட்டு. எலியின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலும் வரும். சாம்பார் கொட்டின பில் புத்தகத்தைத் தணிக்கைக்குக் கொண்டுபோய் நிற்கிறவர் பாடும் பரிதாபம்தான்.

மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கிற ஆபீஸ்களே, உஷார்! எவர்சில்வர் டப்பாவை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், பொறி பறக்கும். ஓட்டல் பார்சல் வந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவையும் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவித்த முட்டையை முழுசாக உள்ளே வைத்துச் சூடாக்காதீர்கள்! மஞ்சள் கருவுக்குள் சின்னச் சின்னதாகத் தங்கியிருக்கிற நீர், கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். அடுப்புக்குள் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். வெளியே எடுத்து, பல் பட்டவுடனே வெடிக்கலாம், வாய்க்குள்ளேயே. இதை அமெரிக்காவில் ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் வரிசையாக முட்டை வைத்துச் சோதித்து 2017-ல் ஒரு மாநாட்டில் அறிவித்தார்கள். ஒரு அடி தூரத்தில் 133 டெசிபல் வரைக்கும் சத்தம் பதிவானது. உணவகத்தில் முட்டை வெடித்து வாயும் காதும் பாதிக்கப்பட்டதாக ஒருவர் போட்ட வழக்குதான் அந்த ஆராய்ச்சிக்கே காரணம். முட்டையைச் சூடு பண்ணியே ஆக வேண்டுமென்றால் நாலாக வெட்டிக் குழம்போடு சேர்த்துச் சூடாக்குங்கள்.

டப்பா மாறிப்போவதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை, சிரித்துவிட்டுப் போகிறார்கள். மாலை போட்டு விரதம் இருக்கிறவர் கையில் கருவாட்டுக் குழம்பு போய், கருவாட்டுக்காரர் கையில் வெண்பொங்கல் வந்தால் இரண்டு பேர் மனசும் ஒரு வாரம் சரியாகாது. சர்க்கரை நோயாளிக்கு அடுத்தவர் டப்பாவின் சர்க்கரைப் பொங்கல் போனால் மனசோடு முடியாது, உடம்புக்கும் கேடு. முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. முந்திரி விளைகிற இந்த மண்ணில் குருமாவிலிருந்து பாயசம் வரை எதில் அது அரைபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு நம் வீடுகளில் பழைய மருந்து இருக்கிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். டப்பாவில் மட்டும் வெட்டினால் போதாது, மூடியிலும் வெட்டச் சொல்லுங்கள், மாறுவது பெரும்பாலும் மூடிதான்.

வாசனைக்கு வருகிறேன். கருவாடு, மீன் குழம்பு, முட்டை என்று திறந்ததும் மூக்கைப் பொத்துகிறவர்களுக்கும், பொத்துகிறார்களே என்று கூனிக்குறுகிப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வாசனை யாரையும் கொன்றதில்லை. அதை வைத்துப் போடுகிற உத்தரவுதான் ஒரு ஆபீஸைப் பிளக்கிறது. 2014 ஏப்ரலில் சென்னையில் 'தி இந்து' நாளிதழின் அலுவலகத்தில், உணவுக்கூடத்துக்கு அசைவம் கொண்டுவரக் கூடாது, சைவம் சாப்பிடும் பெரும்பாலோருக்குச் சங்கடமாக இருக்கிறது என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு வந்தது. நாடு முழுக்க வாதம் கிளம்பிற்று. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2023 செப்டம்பரில் ஒரு இந்திய ஆராய்ச்சி மாணவர் பாலக் பன்னீரை மைக்ரோவேவில் சூடாக்கியபோது, நாற்றம் என்று ஒரு ஊழியர் தடுத்தார். அங்கே தொடங்கிய தகராறு நீதிமன்றம் வரை போனது. தவறை ஒப்புக்கொள்ளாமலே பல்கலைக்கழகம் 2025-ல் 2 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அது சைவச் சாப்பாடு, கவனியுங்கள். மூக்கைப் பொத்துகிறவர் எதிரில் இருந்தால் சைவம், அசைவம் எல்லாம் ஒன்றுதான். சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலைத் திறங்கள், மேஜையைத் துடையுங்கள், எலும்பையும் முள்ளையும் உடனே மூடிபோட்ட தொட்டியில் கொட்டுங்கள். புரட்டாசியிலும் விரத நாட்களிலும் ஒருவருக்கொருவர் அனுசரித்துப் போகிற பண்பு நம்மிடம் இருக்கிறது, சுற்றறிக்கை எதற்கு?

மீனில் பயப்பட வேண்டியது வேறு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் சமைப்பதற்கு முன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். குழம்பாகக் கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். கடல் இங்கிருந்து தூரம், மீன் வண்டியில்தான் வருகிறது. ஐஸில் இல்லாத மீனை விலை குறைவு என்று வாங்கிக் குழம்பு வைத்து ஆபீஸுக்கே பந்தி போடாதீர்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கவலை. சாப்பிடும்போது ஜோக் அடிக்கிறவர். நல்ல மனிதர்தான், அவர் இல்லாவிட்டால் மத்தியானமே வெறிச்சோடும். ஆனால் வாயில் சோறு இருக்கும்போது சிரிக்கவைத்தால் புரையேறும். நாம் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தண்ணீரை நீட்டுகிறோம். இருமுகிறார், பேசுகிறார் என்றால் விட்டுவிடுங்கள், இருமலே வெளியே தள்ளிவிடும். இருமவே முடியவில்லை, குரல் வரவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் தண்ணீர் கொடுக்காதீர்கள்! முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளியே வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். ஆபீஸில் ரெண்டு பேராவது இதைப் பழகி வைத்திருக்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வாந்தி நிற்கவில்லை, ரத்தம் கலந்து போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நேரே அங்கே அழைத்துப் போங்கள். ஒரே மேஜையில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஆபீஸ் பொறுப்பில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை வருவதற்குள் ஒரு ஃப்ரிட்ஜும், கை கழுவுகிற இடத்தில் தினமும் சோப்பும், வாகனம் நிறுத்துமிடத்துக்கு ஒரு கூரையும் போட்டுக் கொடுங்கள். ஒரே நாளில் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு போட்டால் ஆகிற நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தால் இது பெரிய செலவில்லை.